முப்பத்தொன்றாம் பாடு

போன மாதம் எங்கள் குடியிருப்பில் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. அடைப்பு எடுக்க வந்தவர், ரப்பர்க் கிண்ணம் பொருத்திய கட்டையைத் தொட்டியின் துவாரத்தில் வைத்து அழுத்தினார். பிறகு இழுத்தார். ப்ளக். மறுபடி அழுத்தினார், இழுத்தார். ப்ளக். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் கத்தியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னாம்மா, தல சுத்துதா?” என்றார்.

“இல்லைங்க. நீங்க பாருங்க.”

சேற்றில் ஊன்றிய கழியைப் பிடுங்கும்போது வரும் சத்தம் அது. ஏரியில் தண்ணீர் நிற்கும் நாளில் அது வராது. கழி தரையைத் தொட்டுத் தள்ளும், தோணி வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். தண்ணீர் வற்றிய மாதங்களில்தான் சேறு கழியைக் கவ்விக்கொள்ளும். இழுத்தால் ப்ளக் என்று விடும். விட்ட இடத்தில் ஒரு குழி, குழியில் கறுத்த தண்ணீர், அழுகிய முட்டை நாற்றம். அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டு ஒரு மதியம் நான் தொடையளவு சேற்றில் நின்றிருக்கிறேன். எத்தனை வரை எண்ணினேன் என்பது மறந்துவிட்டது. எண்ணியது மறக்கவில்லை.

என் அக்கா போன மதியம் அது.

எங்கள் ஊர் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணல்திட்டு. நாற்பது தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் கல்யாணம் ஆன ஓர் ஆணும் அவன் குடும்பமும். கிழக்கே கடல், மேற்கே ஏரி, பஸ்ஸும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஏரிக்கு அந்தப் பக்கம். மாசி பங்குனியில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். கடல் உள்ளே வராது. ஏரி நாளுக்கு நாள் இறங்கும். தோணி மிதக்கவும் போதாத, மனிதர் நடக்கவும் விடாத ஓர் ஆழம் உண்டு. சித்திரையிலிருந்து ஐப்பசி மழை வரைக்கும் எங்களுக்கும் உலகத்துக்கும் நடுவில் அந்த ஆழம்தான் இருந்தது.

எதிர்க்கரையில் ஒரு சுகாதார நிலையம். டாக்டர் காலையில் வருவார், பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவார். ஊரில் அவருக்குப் பேரே பன்னிரண்டு மணி டாக்டர். எங்கள் திட்டிலும் அரசாங்கம் ஓர் அறை கட்டி, பச்சைச் சாயம் அடித்து, துணை நிலையம் என்று எழுதிப் பூட்டி வைத்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் நர்சம்மா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பாதி தோணியிலும் பாதி சேற்றிலுமாக வருவார், அறையைத் திறப்பார், ஊசி போடுவார், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். தங்குவதற்கு அவருக்கு உத்தரவு இல்லை.

அக்காவுக்கு முதல் பிள்ளை வலி எடுத்தது ஒரு புதன்கிழமை. சேற்றைக் கடந்து அவளை எதிர்க்கரை சேர்த்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. சுகாதார நிலையத்தின் கதவு பூட்டியிருந்தது. கதவுக்கு வெளியே, நோயாளிகள் உட்காருவதற்குப் போட்ட சிமெண்ட் பெஞ்சில் பிள்ளை பிறந்தது. ஆண். இரண்டு முறை அழுதான். மூன்றாவது முறை அழுவான் என்று எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு அக்கா யார் வீட்டிலும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாய் போட்டால்தான் உட்காருவாள். கேட்டால், “சில்லுனு கீது,” என்பாள்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானாள். நாள் ஆனி மாதத்தில் விழுந்தது. ஏரியில் தண்ணீரே இல்லாத ஆனி.

அந்தப் பங்குனி மாதம் நர்சம்மா ஊசி போட்டுவிட்டுப் பெட்டியை மூடும்போது, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போலத் தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்:

“சில சென்டர மட்டும் எடுத்து ராத்திரி பகலா தொறந்து வெக்கப் போறாங்களாம். டாக்டர் அங்கியே தங்கணும். நர்சுங்க மொற வெச்சு இருப்பாங்க. ஒங்க ஊரு மாதிரி திட்டுங்கள்ல ஒரு நர்சு ஊருக்குள்ளியே தங்கணும்னு ரூல் வருது. எந்தெந்த எடம்னு இந்த வாட்டி சட்டசபையில சுகாதாரம் பேசற அன்னிக்கு முடிவாய்டும். ஒங்க எம்எல்ஏ எழுந்து நின்னு கேக்கணும். கேக்காத தொகுதிக்கு ஒண்ணும் வராது. நான் சொன்னேன்னு சொல்லிடாத.”

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். ஊரில் மனு எழுதுவது என் வேலை. அன்று சாயங்காலமே அப்பாவிடம், எங்கள் ஊர்ப் பேச்சில் நைனாவிடம், சொன்னேன். நைனா ஊர்த்தலைவரிடம் சொன்னார். அம்மன் கோயில் மணலில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் வட்டத்துக்கு வெளியே நின்றோம்.

“நாப்பது பேரும் ஒண்ணாப் போலாம்,” என்றேன் வெளியிலிருந்து. “பொம்பளைங்களும் வரோம்.”

தலைவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் நைனாவிடம் பதில் சொன்னார். “கும்பலாப் போனா போலீசு வரும். ஏரியோரம் றால் பண்ணை வேணாம்னு கும்பலாப் போயி இன்னா ஆச்சு? மூணு பேரு கோர்ட்டுக்கு நடந்து நடந்து தேஞ்சு போனாங்க. நம்மகிட்ட இல்லாத மொறையா? பாடு மாதிரி வெச்சிக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு தலைக்கட்டு. ஒரு நாள் வுடாம நம்ம ஆளு ஒருத்தன் எம்எல்ஏ வாசல்ல நிப்பான். நாப்பது நாளு. கல்லு மனுசனா இருந்தாலும் அசஞ்சுதானே ஆவணும்?”

பாடு என்பது ஏரியில் எங்கள் சட்டம். மீனும் இறாலும் விழும் இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்ன தலைக்கட்டுக்கு என்று முறை வைத்திருந்தார்கள். உன் பாடு வரும் நாளில் அந்த இடம் உனக்கு மட்டும். நீ வலை கட்டு, கட்டாமல் படுத்துத் தூங்கு, வேறு எவனும் அங்கே கழி ஊன்ற மாட்டான். அடுத்தவன் பாட்டில் கை வைப்பதைப் போன்ற அசிங்கம் எங்கள் ஊரில் வேறு இல்லை. குடித்துவிட்டு அடித்துக்கொள்பவர்கள்கூட அதைச் செய்ததில்லை. பெண்களுக்குப் பாடு கிடையாது.

தலைவர் சொன்னதும் வட்டம் முழுவதும் தலையசைத்தது. நியாயமான யோசனை. யாருக்கும் அதிகம் இல்லை, யாருக்கும் குறைவு இல்லை. அன்றைக்கு எனக்கும் அது சரியாகவே பட்டது. இதை நான் மறைக்கப் போவதில்லை. மணலில் சீட்டுகளைக் குலுக்கிப் போட்டபோது நானும் சந்தோஷமாகத்தான் எண்களை எழுதினேன்.

பிறகு மனு. கார்பன் தாள் வைத்து, பேனாவை அழுத்தி, ஒரே வாசகத்தை நாற்பது பிரதி எழுதினேன். ‘எதிர்க்கரை நிலையத்தில் இரவும் பகலும் டாக்டர், எங்கள் ஊரில் தங்கும் நர்ஸ்; ஐயா அவர்கள் சட்டசபையில் எங்களுக்காகக் கேட்க வேண்டும்.’ ஒவ்வொரு பிரதியிலும் அதைக் கொண்டுபோகிறவரின் கையெழுத்தை, அல்லது ரேகையை வாங்கினேன். அவருடையதை மட்டும். ஒரே மனுவில் நாற்பது கையெழுத்து வாங்கத் தோன்றவில்லை. அன்றைக்கு அது அவருடைய பாடு அல்லவா. அடுத்தவன் பேர் அதில் எதற்கு? ஊர்த்தலைவரைக் குறை சொல்லும்போதெல்லாம் என் விரல்களில் இருந்த அந்த நீலக் கறை நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொள்கிறேன்.

முதல் ஆள் திரும்பி வந்த அன்று ஊரே கரையில் நின்றது. அவருக்குக் குடலிறக்கம், வலை இழுக்க முடியாமல் இருந்தவர். முகம் மலர்ந்து வந்தார்.

“சோக்கான மனுசன்யா. சேர்ல ஒக்கார வெச்சாரு. டீ குடுத்தாரு.”

“மனு?” என்றேன்.

“அவரு பி.ஏ. வாங்கி வெச்சிக்கினாரு.”

“டாக்டர் விசயம் வாய்விட்டுச் சொன்னியா பெரியப்பா?”

“சொல்ல ஆரம்பிச்சேன். ஒனக்கு இன்னாப்பா ஒடம்புன்னு கேட்டாரு. அவ்ளோ பெரிய மனுசன் கேக்கறாரு, ஒண்ணும் இல்லன்னு பொய் சொல்லவா? குடலு எறங்கிச்சுன்னேன். இதோ பாரு.” மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சிபாரிசுக் கடிதம், பச்சை மையில் கையெழுத்து.

இரண்டாவது ஆள் கண்ணுக்குக் கடிதம் வாங்கி வந்தார். மூன்றாவது ஆள் அம்மாவின் காலுக்கு. ஐந்தாவது ஆள் தனக்கு ஒன்றும் இல்லாததால் யோசித்து யோசித்து, பல் வலி என்று சொல்லி ஒன்று வாங்கி வந்தார். ஒன்பதாவது நைனா. இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்கக் கடிதம் வாங்கிக்கொண்டு வந்தார், எங்களிடம் காட்டாமல் கூரை ஓலையில் செருகி வைத்தார். நான் எடுத்துவிட்டதைப் பார்த்ததும், “இன்னா பண்றது,” என்றார். “கேக்கறாரே.”

பிரசவம் என்ற சொல்லை ஒருவரும் எம்எல்ஏ வீட்டில் உச்சரிக்கவில்லை. “அதெல்லாம் ஆம்பள ஆம்பளகிட்ட போயி எப்பிடிமே பேசறது,” என்று என்னைக் கடிந்தார்கள். டாக்டர் வேணுங்க ஐயா, என்று பொதுவாகச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டதும் அவரவர் உடம்பைக் காட்டினார்கள். அவரும் தட்டாமல் கொடுத்தார். ஊரில் வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் பையில் சுற்றிய கடிதம் ஒன்று ஆணியில் தொங்கியது.

அக்கா இறால் காயவைக்கும் பாயின் மேல் உட்கார்ந்து, பொடி மீனைப் பொறுக்கி எறிந்தபடி சொன்னாள்: “நம்மூர்ல யாருக்கு எங்க நோவுதுன்னு அவருக்கு இப்ப மனப்பாடம். ஒரு ஊரு கீதுன்னுதான் தெரியாது.”

அவள் வீட்டுக்காரருக்கு முப்பத்தொன்றாம் பாடு. மாமா அதிகம் பேசாதவர். முதல் பிள்ளையைப் புதைத்த இடத்தைக்கூட அவர் எங்களுக்குக் காட்டவில்லை. தனியாக எடுத்துப் போனார், தனியாகத் திரும்பி வந்தார். அவரிடமிருந்து பேச்சை வரவழைக்க அக்கா தினமும் ஒத்திகை வைத்தாள். கவிழ்த்த மீன்கூடையின் மேல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்காருவாள். அவள்தான் எம்எல்ஏ. நான் பி.ஏ.

“வாப்பா. ஒனக்கு இன்னா ஒடம்பு?”

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க.”

“ஒண்ணும் இல்லாதவன் எதுக்குயா காலங்காத்தால வந்து நிக்கற?”

“எங்க ஊருக்கு…” என்று தொடங்கி மாமா அவள் முகத்தைப் பார்ப்பார். சிரிப்பு வந்துவிடும். “நீ மீச வரஞ்சிக்கினு வா, அப்பதான் எனக்குப் பேச்சு வரும்.”

“பி.ஏ., இந்தாளு சரியில்ல, வெளிய தள்ளு.”

நான் அவரைத் தள்ளுவேன். அந்த வீட்டில் அவர்கள் சிரித்து நான் கேட்டது அந்தப் பதினைந்து இருபது நாள்தான்.

மாமா கடைசியில் தேறிவிட்டார். எனக்கு ஒண்ணும் இல்லீங்க, எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்குப் பேறுகாலத்துல பாக்க ஆளு இல்லீங்க, நீங்க சபையில கேக்கணுங்க. மூன்று வாக்கியம். தோணியில் போகும்போது தனக்குள் சொல்லிக்கொண்டே போவார்.

முப்பதாம் நாள் போனவர் ஒரு சேதியோடு வந்தார். நாளைக்கு எம்எல்ஏ நம் ஊருக்கே வருகிறார். வலை பின்னுவதற்குக் கட்டிய கூடத்தைத் திறந்து வைக்க. ஊர் தூங்கவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் விடிவதற்கு முன்பே எல்லோர் வீட்டு வாசலும் கூட்டியிருந்தது.

வெயில் ஏறிய பிறகு வந்தார். கால்வாசித் தூரம் தோணி மிதந்தது, மீதியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கரைக்குப் பக்கத்தில் தோணி தட்டியதும் அவரே இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றோடு நடந்து வந்தார். கால் கழுவத் தண்ணீர் ஊற்றியபோது சிரித்தார். “எப்பிடிப்பா தெனம் இதுல வரீங்க போறீங்க?” அவர் நல்ல மனிதர் இல்லை என்று நான் எங்கேயும் எழுதியதில்லை.

ரிப்பன் வெட்டினார். மாலை போட்டோம். நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டுக் கேட்டார்: “வேற எதனா கோரிக்கை இருந்தா சொல்லுங்க. வெக்கப்படாதீங்க, நம்ம வீட்டுப் புள்ள மாதிரி நெனச்சுக் கேளுங்க.”

நாற்பது தலைக்கட்டும் அங்கே நின்றது. பெண்கள் நின்றோம். முப்பது நாள் அவர் வாசலில் நின்ற முப்பது ஆண்கள், அவர் வீட்டு டீ குடித்தவர்கள், அவரைத் தெரிந்தவர்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

வெளியாள் யாராவது பார்த்திருந்தால் பயம் என்று நினைத்திருப்பார்கள். பயம் இல்லை. அன்றைக்குப் பாடு அவர்களுடையது இல்லை. மற்ற ஆண்கள் எல்லோரும் மெல்லத் தலையைத் திருப்பி மாமாவைப் பார்த்தார்கள். ஏரியில் ஒருவன் தன் நாளில் வலை கட்டும்போது மற்றவர்கள் தோணியை ஒதுக்கிக்கொண்டு வழி விடுவது போல, கூட்டம் இரண்டாக ஒதுங்கி அவருக்கு வழி விட்டது. அவ்வளவு மரியாதையாக.

மாமா முன்னால் போனார். எம்எல்ஏ எழுந்து அவர் தோளில் கை வைத்தார்.

“சொல்லுப்பா. ஒனக்கு இன்னா ஒடம்பு?”

அக்கா கூடையின் மேல் உட்கார்ந்து கேட்ட அதே கேள்வி. மாமா திரும்பி அவளைப் பார்த்தார். அவள் உதடு அசைந்தது, எடுத்துக் கொடுத்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க,” என்றார் மாமா.

“அப்புறம்?”

“எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு…”

அதற்கு மேல் வரவில்லை. தோளில் இருந்த கை அவரை லேசாக அழுத்தியது. அதுவரை அவர் தோளில் யாரும் அப்படிக் கை வைத்ததில்லை என்று நினைக்கிறேன், பிள்ளை போன அன்றுகூட.

“எம் பொண்டாட்டி மாசமா கீறாங்க. மொதப் புள்ள எங்க கையிலயே போச்சுங்க.”

சொல்லிவிட்டு அழுதார். எம்எல்ஏவின் கண்ணும் கலங்கியது. அது நடிப்பு இல்லை, நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். பி.ஏ.விடம் தாள் வாங்கி, நாற்காலிக் கையில் வைத்து, அங்கேயே எழுதினார். “பட்டணத்துல பெரிய டாக்டரம்மா எனக்குத் தெரிஞ்சவங்க. இத எடுத்துக்கினு போ. ராணி மாதிரி பாத்துப்பாங்க.” பச்சைக் கையெழுத்து.

யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். மாமாவின் மனு பி.ஏ. கைக்குப் போய்விட்டது; நாற்பது போக மிஞ்சிய பிரதி ஒன்று என் இடுப்பில் மடித்துச் செருகியிருந்தது. வியர்வையில் நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு நாலு எட்டு வைத்தால் போதும். நான் அந்த இடத்திலேயே நின்று கைதட்டினேன்.

அன்று சாயங்காலம் அக்கா கடிதத்தைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். மடித்து வாங்கி மாமாவின் பக்கத்தில் வைத்தாள்.

“எனக்குக் கேட்டுட்ட. பக்கத்து வூட்டுக்காரிக்கு ஆவணியில. அவளுக்கு யாரு கேப்பா?”

மாமா வலைக் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். “எனக்கு அந்த நேரத்துல நீதான் தெரிஞ்ச,” என்றார்.

அவள் அதற்கு மேல் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. அன்றும் சரி, பிறகும் சரி.

மீதி ஒன்பது பாடும் முறை தவறாமல் நடந்தது. மீதி ஒன்பது கடிதங்களும் வந்தன. நாற்பதும் முடிந்த வாரத்தில் நர்சம்மா வந்து, “எதனா நடந்துச்சா? சபை கூடிடுச்சு,” என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

“இப்ப யாருக்கும் பாடு இல்ல,” என்றாள். “பொடவைய மாத்து. நாம போலாம்.”

எட்டு மாத வயிறு. மாமாவும் நைனாவும் விடியற்காலையில் சேற்றில் தள்ளிக் கரை சேர்த்தார்கள். பஸ் வரும் வரை பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறை வாசலில் நின்றோம். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும். எங்களுக்கு அது பஸ் ஸ்டாப்பின் தூண். அக்கா இடுப்பில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பெரிய பெரிய கல், பூ வேலை, எழுத்து, நடுநடுவே குழந்தைகளுக்கு வைத்த சின்னக் கற்கள்.

“இவங்களுக்கும் பன்னெண்டு மணி டாக்டர் தான் போல,” என்றாள்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “நெசமாதான் சொல்றேன். கப்பலு, பீரங்கி எல்லாம் வெச்சிருந்தாங்க. பாரு எவ்ளோ சின்னச் சின்னக் குழி.”

எம்எல்ஏ எங்களைக் காக்க வைக்கவில்லை. அக்காவைப் பார்த்ததும் விசிறியைப் பக்கத்தில் திருப்பி வைக்கச் சொன்னார். “லெட்டர் குடுத்தேனேம்மா. போய்ப் பாத்தியா?”

“போவல ஐயா. நான் லெட்டருக்கு வரல,” என்றாள் அக்கா. மாமாவின் மூன்று வாக்கியங்களையும் அவள் சொன்னாள். பேறுகாலம் என்ற சொல்லை முழுதாகச் சொன்னாள். சிமெண்ட் பெஞ்சைச் சொன்னாள். ராத்திரி பகலா திறக்கும் நிலையத்தைச் சபையில் எங்களுக்காகக் கேட்க வேண்டும் என்றாள்.

அவர் பி.ஏ.வைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார், “இத ஏம்மா முன்னமே யாரும் கேக்கல?”

“நாப்பது நாளு கேட்டோம்,” என்றேன்.

பி.ஏ. ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து வைத்தார். தனிநபர் மருத்துவ உதவி என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே நான் எழுதிய மனு, நாற்பது தடவை. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பில், கடிதம் கொடுக்கப்பட்டது. குடலிறக்கம், கடிதம் கொடுக்கப்பட்டது. பல், கடிதம் கொடுக்கப்பட்டது. அடியில் கார்பன் எழுத்தில் இருந்த வாசகத்தை ஒருவரும் இரண்டாவது முறை படித்ததாகத் தெரியவில்லை. முதல் முறை படித்ததாகவும்தான்.

“எங்கிட்டக் கேட்டாங்கம்மா,” என்றார் அவர். “ஏரிக்கரைலேர்ந்து பொதுக் கோரிக்கை எதனா உண்டான்னு. இல்ல, வந்ததெல்லாம் பர்சனல், அன்னன்னிக்கே முடிச்சிட்டேன்னு பெருமையா எழுதிக் குடுத்தேன். முந்தாநேத்து சபையில பேசி முடிஞ்சிடுச்சு. லிஸ்ட் போட்டாச்சு.” கட்டின் மேல் கையை வைத்து, பெரிதாக மூச்சு விட்டார். “அடுத்த வருசம் கண்டிப்பா. நானே எழுந்து கேக்கறேன்.”

“எனக்கு ஆனி மாசம் ஐயா,” என்றாள் அக்கா.

அடுத்த வருடம் அவர் எழுந்து நின்று கேட்டார். அந்த முறை நாங்கள் நாற்பது தலைக்கட்டும், பெண்களும், கைப்பிள்ளைகளுமாக ஒரே நாளில் போயிருந்தோம். மாமா முன்னால் நடந்தார். மூன்று வாக்கியத்தையும் தடுமாறாமல் சொன்னார். போலீசும் வந்தது. இப்போது திட்டில் அந்தப் பச்சை அறையில் ஒரு நர்ஸ் தங்கியிருக்கிறார் என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. நகரத்துக்கு வந்து வீடு மாற்றி வீடு மாற்றி, எந்த வீட்டிலும் நிலையாக உட்கார முடியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தத் திட்டுக்கு மட்டும் கால் போக மறுக்கிறது.

கடிதத்தை வீணாக்கவில்லை. ஆனி பிறக்கும் முன்பே மாமா அவளைப் பட்டணத்துக்குக் கூட்டிப் போனார். கடிதத்தை வாங்கிப் பார்த்தார்கள், வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, படுக்கை இல்லை, வலி வந்தால் உடனே வாருங்கள் என்றார்கள். உடனே என்ற சொல்லை மாமா வீட்டுக்கு வந்து பலமுறை சொல்லிப் பார்த்தார்.

வலி எட்டாம் நாளே வந்தது. சனிக்கிழமை, உச்சி வெயில் தொடங்கும் நேரம். நர்சம்மா முந்திய நாள் வந்து போயிருந்தார். பச்சை அறை பூட்டியிருந்தது. தோணியில் பாயை விரித்து அக்காவைப் படுக்க வைத்தோம். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கடிதம் பிளாஸ்டிக் பையில் அவள் கையில் இருந்தது. மாமா முன்னால் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். நைனா பின்னால் கழி ஊன்றித் தள்ளினார். ப்ளக். ஒரு முழம். ப்ளக். ஒரு முழம். பாதி ஏரியில் தோணி நின்றுவிட்டது. எதிர்க்கரை தெரிந்தது, சுகாதார நிலையத்தின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. மணி பன்னிரண்டு ஆகியிருக்குமா என்று நைனா வெயிலைப் பார்த்தார்.

அவளையும் பிள்ளையையும் சாயங்காலம் அதே தோணியில்தான், ஒரே பாயில் சுற்றி, திரும்பக் கொண்டு வந்தார்கள். ஆனால் அது பிறகு. அந்த மதியம் நைனா கழியில் முழு உடம்பையும் சாய்த்தார், மாமா சேற்றில் முட்டி போட்டு இழுத்தார், தோணி அசையவில்லை.

அக்கா கண்ணைத் திறந்தாள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் தொட்டு வைத்தேன்.

“இன்னாடி, நின்னுடுச்சா?”

“இதோ போயிடலாம்க்கா. கொஞ்ச தூரம்தான்.”

தலையைத் திருப்பி வெளியே பார்த்தாள். தோணியின் விளிம்பைப் பார்த்தாள், தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தாள். மீன்காரன் பெண்ணுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் மடியிலிருந்து தலையை அவளே தூக்கிப் பாயில் வைத்துக்கொண்டாள்.

“நான் வரேன்க்கா ஒங்கூட,” என்றேன்.

“நீ எறங்குடி,” என்றாள். “நீ எறங்கினா தோணி நவுரும்.”